மகள் பானை வரகு

பெரியகொல்லை,
26.10.2025

அன்புள்ள கல்பனாவுக்கு, உன் நாத்தனார் செந்தாமரை எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க இவளுக்கு என்ன தகுதி என்று நினைப்பாய். கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்டுவிட்டேன். என் போனை நீ எடுப்பதில்லை. தம்பி தனசேகரன் போனையும் எடுப்பதில்லையாம். தீபாவளி லீவுக்கு வந்த எங்கள் ஊர் ஜெயசுதா, திருப்பூரில் நீ வேலை செய்யும் அதே பனியன் கம்பெனியில்தான் இருக்கிறாள் என்று தெரிந்ததும், எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்தை மறுபடி கையில் எடுத்தேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

முதலில் உன் மகளைப் பற்றி. சுவேதா இரண்டாம் வகுப்பு போகிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. கூரை மேல் எறியச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். அம்மா பார்க்கணும் என்று தீப்பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாள். தலையில் பேன் இருந்தது, நான் போன ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து எடுத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டில்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டில் எதைப் போட்டாலும் குனிந்து மோந்து பார்க்கிறாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்து, "தாத்தா வந்துடுவாராப்பா?" என்று கேட்கிறாள். வரமாட்டார், நீ சாப்பிடு என்று அவன் சொன்ன பிறகுதான் ஒரு வாய் வைக்கிறாள். ஒவ்வொரு வேளையும் இப்படித்தான். நான் தம்பி வீட்டுக்குப் போனால் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன தை மாதம் அப்பாவின் காரியத்தில் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மகள் பானைச் சோற்றைத் தின்ற பங்காளிகள் பதினொரு பேர் ஆடினார்கள். என் மேல் அப்பா வந்தார். கல்பனா எனக்குச் சோறு போடவில்லை, அவள் வீட்டில் இருக்கிறவரை நான் போகமாட்டேன் என்று என் வாயால் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது. மறுநாள் நீ ஒரு பையோடு ஜீப் ஏறினாய். பிள்ளையைத் தாத்தா தொட்டிருக்கிறார், அவளை அனுப்ப முடியாது என்று பங்காளிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உன் அம்மா வீட்டிலும் உன்னைச் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது எழுத வேண்டிய காரணத்துக்கு வருகிறேன். மார்கழியில் அப்பாவுக்கு வருஷக் காரியம். அது முடிந்ததும் தையில் தனசேகரனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே, என் தம்பியின் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குள் பலா பழுத்துவிடும். அதனால் காரியத்தன்று பம்பை அடித்து அப்பாவையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அப்பா யார் மேல் வருவார்? போன தடவை பேசியவள் மேல்தான். என்னைத்தான் கேட்கப் போகிறார்கள்.

நான் சொல்வதைக் கேள். நீ அதற்கு முன்னால் ஒரு முறை வந்துவிடு. அப்பா படத்தின் முன் விழுந்து, தெரியாமல் தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். விழுந்து எழுந்தால் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டாய். பிள்ளைக்காகச் செய்.

என் வீட்டுக்காரர், உன் அண்ணன், இன்னும் குடகில் காப்பித் தோட்டத்தில்தான் இருக்கிறார். இந்த வருஷம் சாமை நன்றாக வந்திருக்கிறது. போன தையில் ஆறு கோழி போனதிலிருந்து நான் கோழி வளர்க்கவில்லை, முற்றம் சத்தமில்லாமல் கிடக்கிறது. பரணில் ஒரு பானையை இறக்க வேண்டும், அதற்குக் கை வரவில்லை. அதை விடு.

நல்லபடியாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி செந்தாமரை


பெரியகொல்லை,
23.11.2025

கல்பனா,

முந்தின கடிதத்தை நீ பிரிக்கவில்லை, பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறாய் என்று ஜெயசுதா போனில் சொன்னாள். அதைப் பிரிக்காமலே கிழித்துப் போடு. இதைப் படி. விலாசத்தை ஜெயசுதாவிடம் வாங்கித் தபாலில் அனுப்புகிறேன், நேரில் கொடுத்தால் இதையும் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவாய்.

உன்னை வந்து விழச் சொல்லி எழுதியிருந்தேன். எழுதி அனுப்பிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விழ வேண்டியவள் நீ இல்லை. அன்றைக்குப் பதினொரு பேரை ஆட்டியது அப்பா இல்லை. நான் கொண்டுவந்த வரகு.

போன வருஷம் கார்த்திகையில் அடித்த புயல்மழை உனக்கு நினைவிருக்கும். சாமை முழுவதும் கொல்லையிலேயே சாய்ந்து முளைத்துவிட்டது. எனக்கு மிஞ்சியது வரகு மட்டும்தான். அதை மழைக்கு முதல் நாள்தான் அறுத்துப் பாறைக்களத்தில் குவித்திருந்தேன். நாலு நாள் குமியாக விட்டால் மணி சுலபமாக உதிரும் என்று எப்போதும் அப்படித்தான் செய்வோம். உன் அண்ணன் குடகில். நான் ஒருத்தி தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் கல் வைத்தேன். காற்று அதை மதிக்கவில்லை. ஐந்தாம் நாள் மழை விட்டதும் குமிக்குள் கையை விட்டேன். அடைகாக்கும் கோழிக்கு அடியில் கை விட்டது போல் சூடு. ஈரச் சாக்கு வாடை. கதிர்களில் சாம்பல் பூத்திருந்தது, கையில் கருப்பாக ஒட்டியது.

என் மாமியார் மங்கம்மாள் இதைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது இன்னொரு பொய். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "சூடேறுன வரகு கிறுக்கு வரகு. ஆளையும் ஆட்டும், மாட்டையும் ஆட்டும். தூரப் போட்டுடு" என்றாள். புதூர்நாட்டுப் பக்கத்தில் பிறந்தவள், அங்கே அது தெரியும். நம் பக்கம் சாமையே பிழைப்பு என்பதால் யாருக்கும் தெரியாது. நான் அதை மாமியார் அதட்டல்களில் ஒன்றாக நினைத்து ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். வெயில் வந்ததும் பாறையில் மூன்று நாள் காயவைத்து, மிதித்து, தூற்றி, தானியத் தொம்பையில் கொட்டினேன். காய்ந்த பிறகு பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மார்கழியில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மகள் பானைக்குத் தானியம் கொண்டுவர வேண்டும். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெற்ற பெண் தன் கொல்லையில் அந்த வருஷம் விளைந்ததைத் தன் கையால் குத்திக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கக் கூடாது. அதைத் தனிப் பானையில் பொங்கி, முதல் கரண்டியை இறந்தவர் இலையில் வைத்து, பிறகு ரத்த உறவுகள் மட்டும் ஆளுக்கு ஒரு பிடி தின்ன வேண்டும். வாழவந்த பெண்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் அதில் பங்கில்லை. ஊருக்கு வேறு அடுப்பில் ரேஷன் அரிசிச் சோறு.

எங்கள் வீட்டிலும் ரேஷன் அரிசி ஒரு மூட்டை இருந்தது. மழையில் எல்லாம் போய்விட்டது, இதைப் பொங்குங்கள் என்று சொல்லியிருந்தால் பெரியப்பா சரி என்றிருப்பார். ஆனால் அப்பா பேரைச் சொல்லி, சக்கரவர்த்தி மகள் அப்பனுக்கு ரேஷன் அரிசி கொண்டுவந்தாள் என்று நாலு பேர் வாயில் ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். உரலில் போட்டு நாலு தடவை குத்தினேன். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினேன். குத்தக் குத்த வெளுத்தது. வெளுத்ததும் நல்லதாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். என் வரகைப் பார்த்து பெரியம்மா, "இன்னா வெள்ளையா குத்தியாந்திருக்கா பாரு, இவதான் பொண்ணு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாய். தின்று அரை மணி நேரம் இருக்கும். தனசேகரன் கை நடுங்கியது. பெரியப்பா எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். யாரோ, "அப்பா வந்துட்டாருடா" என்றார்கள். பம்பைக்காரர் வேகமாக அடித்தார். எனக்குத் தரை சாய்ந்தது. நாக்கு தடித்தது. கை கால் என்னுடையதாக இல்லை. சுவேதா தின்ற ஒரு வாயைக் கக்கினாள், நீ முந்தானையில் ஏந்தினாய். மருமகள் யாரும் ஆடவில்லை, ஆனாலும் ஊர் உன்னை மட்டும் பார்த்தது. அப்பா கூடவே இருந்தவள் நீ ஒருத்திதானே. பூசாரி என் தலைமயிரைப் பிடித்து, "யாருப்பா வந்திருக்கறது? இன்னா கொற உனக்கு? சொல்லிடு" என்று கேட்டார். நான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள், உரலடியில் கிடந்த நொய்யைக் கோழிகள் பொறுக்கின. மத்தியானம் பார்த்தால் ஆறும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வட்டம் போடுகின்றன. நடக்கப் பார்த்து நடக்கப் பார்த்து உட்கார்ந்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் ஆறும் போய்விட்டது. அவற்றின் மேல் யார் வந்தார் என்று பூசாரியைக் கேட்க முடியுமா? எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ் கீதாஞ்சலியிடம் கோழிக்குக் கேட்பது போல் கேட்டேன். "ஈரத்துல பூஞ்சை புடிச்சா தானியத்துக்குள்ள வெஷம் எறங்கிடும்க்கா. பூஞ்சைய கழுவிடலாம், வெஷத்த கழுவ முடியாது. வேக வெச்சாலும் போவாது. ஆளு யாராவது சாப்ட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். தை மாதமே இது எனக்குத் தெரியும் கல்பனா. நீ போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. நடந்தே போய் அங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பத்து மாதம் இருந்துவிட்டேன்.

இதோடு நிறுத்தலாமா என்று பேனாவை வைத்தேன். பழியை வரகின் மேல் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் வரகு கையை ஆட்டும், காலைத் தள்ளாட வைக்கும், கண்ணை இருட்டும். அதற்கு உன் பேர் தெரியாது. உன் பேரைச் சொன்னது நான்.

ஓடையோரம் நிற்கும் புளியமரத்தை நான் பிறந்த வருஷம் அம்மா வைத்தாள். அதைக் கல்பனாவுக்கு விட்டுவிடுங்கள், அவள்தான் என்னைப் பார்த்தாள் என்று அப்பா பெரியப்பாவிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து உன் பேர் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அப்பாவுக்குத் தொண்டை அடைத்துப்போன கடைசி நாலு மாதமும் நீ துணியில் வடிகட்டிய கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாய். நான் மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் வாசலில் நின்று உன்னை அதிகாரம் செய்துவிட்டுக் கடைசி ஜீப்பைப் பிடிக்க ஓடினேன். அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள், மகள் எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். பூசாரி குறை கேட்டபோது அந்தப் பயத்துக்கு ஒரு பேர் தேவைப்பட்டது.

அப்பா உண்மையிலேயே வந்தாரோ என்று ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். போன வாரம் உலை வைக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பா உன்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "யம்மா, தண்ணி குடு" என்பார். "யம்மா, இங்க வந்துட்டுப் போ" என்பார். அன்றைக்கு என் வாயில் வந்தது கல்பனா என்ற பேர். அப்படி உன்னைக் கூப்பிடுகிறவள் நான்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் இருக்கிறார். யாரையாவது திட்ட வாயைத் திறந்தால் முதலில் அவர் கனைப்பு என் தொண்டையில் வருகிறது. பேச்சை விட்டுவிடுகிறேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், இப்போது பக்கத்து வீட்டுக்காரி செந்தாமரைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். மிச்ச வரகு இரண்டு படி பரணில் பானையில் கட்டி வைத்திருக்கிறது. ஓடையில் போட்டால் மாடு குடிக்கும், கொல்லையில் போட்டால் குருவி தின்னும், எரிக்கப் பயம். அதைத் தொட்டுப் பத்து மாதம் ஆகியும் கையில் அந்த ஈரச் சாக்கு வாடை வருகிறது. சோற்றைப் பிசையும்போது வருகிறது. சுவேதா தட்டை மோந்து பார்ப்பது போல நானும் மோந்து பார்க்கிறேன்.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. வருஷக் காரியத்தில் பம்பை அடிக்கும்போது நான் ஆடிவிடலாம். ஆட எனக்குத் தெரியும், உடம்பு மறக்கவில்லை. அப்பா குரலில், என் மருமகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் மறுநாளே உன்னைத் தேடி ஜீப் வரும். என் பேரும் கெடாது, உன் பேரும் திரும்பிவிடும். நாலு நாள் இதையே யோசித்தேன். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்கூட. குரல் நன்றாக வந்தது. அப்போதுதான் பயந்தேன். இன்னொரு தடவை அவர் வாயை இரவல் வாங்கினால் அவர் என் வீட்டை விட்டுப் போகவே மாட்டார். உனக்கும் வாழ்நாள் முழுவதும் என் ஆட்டத்தின் தயவில் குடித்தனம். அடுத்த தடவை யார் ஆடி என்ன சொல்வார்களோ.

அதனால் என் வாயால் சொல்லப்போகிறேன். நம்புவார்களா, எனக்குத் தெரியாது. அடித்தாலும் அடிப்பார்கள். உன் அண்ணனிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பானைய கூட எடுத்துட்டுப் போ" என்றார்.

எனக்காக வேண்டிக்கொள் என்று உன்னிடம் கேட்க வாயில்லை. பயமாக இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன்.

செந்தாமரை


பெரியகொல்லை,
28.12.2025

கல்பனாவுக்கு,

நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று நான் காத்திருந்ததும் உண்மை. இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வந்தது என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காரியத்தன்று இரண்டு பானையோடு போனேன். ஒன்றில் இந்த வருஷத்துச் சாமை. வெயிலில் நாலு நாள் காய்ந்து, பல்லில் வைத்தால் நொறுங்கும். இன்னொன்றில் பரண் வரகு. சாமையைப் பொங்கினார்கள். முதல் கரண்டி அப்பா இலைக்குப் போனது. பம்பையும் உடுக்கையும் ஆரம்பித்தார்கள். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூசாரி பக்கத்தில் வந்து நின்றார். அடி வேகமானது. என் கால் விரல்கள் தானாகத் துடித்தன, பொய் சொல்லமாட்டேன். ஒரு நொடி விட்டிருந்தால் ஆடியிருப்பேன். புடவையை இறுகப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பம்பை கொஞ்ச நேரம் தனியாக அடித்துவிட்டு நின்றது.

உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குமி சூடேறியது, நாலு தடவை குத்தியது, ஆறு கோழி, நர்ஸ் சொன்னது, புளியமரம், உன் பேர். வரகுப் பானையை அவிழ்த்து எல்லோர் முன்னாலும் வைத்தேன். யாரும் கிட்டே வரவில்லை. பூசாரி, "இவ வாயக் கட்டிட்டாங்க, திருப்பூர்ல இருந்து ஏதோ பண்ணி வுட்டிருக்கா" என்றார். பெரியம்மா, "பெத்த அப்பனுக்கே வெஷம் வெச்சவளா நீ" என்றாள். அதில் தப்பில்லை. அவர் இலைக்கும் அந்தச் சோற்றைத்தானே முதலில் வைத்தேன். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் கொண்டுவந்த சாமையை ஒருவரும் தொடவில்லை. பானை அப்படியே ஆறிக் கிடந்தது. பதினொரு மாதம் நான் உன்னை நிறுத்திய இடத்தில் என்னை நிறுத்திவிட்டுக் கலைந்தார்கள்.

தனசேகரன் மட்டும் கடைசிவரை நின்றான். திட்டுவான் என்று தலையைக் குனிந்தேன். அவன் குனிந்து வரகுப் பானையை எடுத்து மூடிக் கட்டி, உள்ளே கொண்டுபோய் வைத்தான். புதைத்துவிடுவான் என்று நினைத்து நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அங்கிருந்து போன் வந்தது. ஓடினேன். சுவேதாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவனே இரண்டு பிடி வரகை உரலில் குத்தி, கழுவி, வேகவைத்துத் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறான். பம்பை இல்லை, பூசாரி இல்லை, ஊர் இல்லை. நான் போனபோது மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தான். கை வெடவெடவென்று ஆடுகிறது. கண் செருகுகிறது. கக்கியிருந்தான். கல்பனா, எனக்கு உயிர் போய்விட்டது. உனக்கு நான் செய்ததற்கு அவனையும் கொடுக்கப் போகிறேனோ என்றுதான் தோன்றியது. ஜீப் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்தான்.

அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான், "யாரும் வரலக்கா. ஆட்டம் மட்டும்தான் வந்துச்சு. அன்னிக்கும் இதேதான். நான்தான் அப்பான்னு நெனச்சுட்டேன்." காப்பி கை நடுக்கத்தில் வேட்டியில் கொட்டியது. நடுக்கம் வரகினால் இல்லை, அழுதுகொண்டிருந்தான். அவன் அழுது நான் பார்த்தது அம்மா செத்த அன்றைக்குத்தான்.

அவனுக்காக நான் பரிந்து பேசமாட்டேன். ஒரு வார்த்தை சொல்லி உன்னை நிறுத்தியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் கணக்கை நீயும் அவனும் தீர்த்துக்கொள்ளுங்கள். அவனிடம் நான் சொன்னது ஒன்றுதான். அவளை வா என்று கூப்பிடாதே, அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காத்திரு என்றேன்.

மிச்ச வரகில் ஒரு கை அளவு நர்ஸ் கவரில் வாங்கிப் போனாள். மீதியை நானும் அவனும் ஆள் உயரக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். உரலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், இனி அதில் ஒன்றும் குத்தமாட்டேன். ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பெரியப்பா மட்டும் நேற்று ஆள் அனுப்பி, அவர் வீட்டு வரகையும் ஒரு தடவை நர்ஸிடம் காட்டச் சொன்னார். என்னை நம்புவதை நேரே சொல்லாமல் தன் வழியில் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன். தைக் கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. புளியமரம் உன்னுடையது. மாசியில் உலுக்கும்போது நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் பேரில்தான் உலுக்குவேன்.

அப்பா கனைப்பு இப்போது கேட்பதில்லை. காரியத்தன்று உட்கார்ந்து பேசியதிலிருந்து நின்றுவிட்டது. நிம்மதி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வீடு ஒரேயடியாக வெறிச்சோடிவிட்டது. இத்தனை நாள் திட்டுவதற்காவது இருந்தார். இப்போது என்னைப் பெற்றவர் என்னோடு பேச ஒன்றுமில்லை என்று போய்விட்டது போல் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைத் தனசேகரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஜெயசுதா உள்ளே கொண்டுவந்து கொடுப்பாள். அவனும் சுவேதாவும் உங்கள் விடுதி கேட்டுக்கு வெளியே, எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வரச் சொல்லவில்லை. நீ வெளியே வருவதும் வராததும் உன் இஷ்டம், பொழுது சாயும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிடச் சொல்லியிருக்கிறேன். சுவேதா தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருக்கிறாள். பஸ்ஸில் தொலைத்துவிடாதே என்று சொன்னதற்கு என்னை முறைத்தாள், உன் முறைப்பு அப்படியே இருக்கிறது.

எனக்கு உன்னிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. மன்னிப்பு இல்லை, அதை நீயாகக் கொடுத்தால்தான் உண்டு. காரியத்தன்று சாமைச் சோற்றை வைத்த பிறகு அப்பா இலையில் வேறு என்ன வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டியோடு நின்றுவிட்டேன். கடைசி நாலு மாதம் அவர் எதைக் குடித்தார், எது அவர் தொண்டையில் இறங்கியது என்று பெற்ற பெண்ணுக்குத் தெரியாது. அமாவாசைக்கு ஒரு கிண்ணம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் கஞ்சியை நீ எப்படி வைத்தாய், எத்தனை தண்ணீர், உப்பு எவ்வளவு போட்டாய் யம்மா, எனக்கு எழுது.

இப்படிக்கு,
செந்தாமரை